சமைத்ததும் சாப்பிட்டதும்

ஜனவரி 11, புதன்

இது ரஃப் கொப்பி. நல்ல கொப்பி வேறாக இருக்கிறது. நீல அட்டை போட்டு, பல்கலைக்கழகத்தின் பெயர் அடித்தது. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் பெண் பிள்ளைகளுக்கு மனையியல் படிப்பித்தவள் நான். எதையும் முதலில் ரஃப்பில் எழுதி, பிழை பார்த்து, பிறகுதான் நல்ல கொப்பியில் ஏற்றுவேன். கனடாவுக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் விட்டுப்போகாத பழக்கம்.

இன்று சமூக நிலையத்தின் புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மிதுலா என்றொரு பெண் வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, ஆனாலும் தமிழில்தான் பேசினாள். இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் பக்கமிருந்து வந்த பெண்களின் சாப்பாட்டுப் பழக்கம் வருடம் போகப்போக எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். எங்கள் பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு நீலக் கொப்பி. ஆறு கிழமைக்கு, பெப்ரவரி 22 வரை, என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எத்தனை கப், யாரோடு, கதிரையில் இருந்தா நின்றா என்று எல்லாம் எழுத வேண்டும். 'இருந்தா நின்றா' என்றதும் எல்லோரும் சிரித்தோம். கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு வழக்கம்போலச் சுமார். சிவப்பரிசிச் சோற்றுக்கு உப்புக் காணாது. பருப்பு தண்ணீராக ஓடியது. ப்ரொக்கோலியில் பால்க்கறி வைக்கலாம் என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ தெரியாது. பரிமாறுகிறவள் ரோசா என்ற பிலிப்பினோப் பெண். தட்டைக் கழுவ எழும்பினால் விடமாட்டாள். தோளைப் பிடித்து இருத்திவிட்டு இன்னோர் அகப்பை போடுவாள். இரண்டாம் தரமும் வாங்கினேன். மறுத்தால் அவள் மனம் நோகும்.

ஜனவரி 12, வியாழன்

காலை 8.15: பேரன் கவின் கடித்துவிட்டுப் போட்ட பாண் துண்டின் ஓரங்கள் இரண்டு. பேத்தி ஆரணியின் கிண்ணத்தில் மிஞ்சிய சீரியல் பால். நின்றபடி, தட்டுக் கழுவும் இடத்தில்.

11.00: தேநீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஆறிய பிறகு குடித்தது.

2.30: காலைப் புட்டுச் சட்டியின் அடி. அரைக் கப் வரும். நின்றபடி.

4.15: ஆரணியின் சாப்பாட்டுப் பெட்டியில் திரும்பி வந்த அரைச் சான்ட்விச், கரட் நாலு துண்டு. எறியவா முடியும்?

8.20: எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு அடிச்சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. நின்றபடி.

இதை நல்ல கொப்பியில் ஏற்றலாம் என்று பேனாவை எடுத்தேன். ஏற்றினால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? என் மகன் சேந்தன் தாய்க்குச் சாப்பாடு போடுவதில்லை என்று நினைக்கும். அது சுத்தப் பொய். இந்த வீட்டில் சாப்பாடு நிரம்பிக் கிடக்கிறது. சமைக்கிறவளே நான். பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வேறு, மகனுக்கு வேறு என்று நாளுக்கு மூன்று தரம் அடுப்பு மூட்டுகிறேன்.

ஆகவே நல்ல கொப்பியில் இப்படி எழுதினேன். காலை: குரக்கன் புட்டு ஒரு கப், வாழைப்பழம். மதியம்: சோறு ஒரு கப், பருப்பு, கீரை, மீன் குழம்பு. இரவு: இடியப்பம் ஆறு, சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. இருந்து, குடும்பத்தோடு. எல்லாம் இந்த வீட்டில் சமைத்ததுதான். கீரை மட்டும் சமைக்கவில்லை. ஆனால் கீரையில்லாத சமநிலை உணவை என் கையால் எழுத வரவில்லை.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். சேந்தனின் சிநேகிதர்கள் பதினொரு பேர் வந்தார்கள். பொங்கல் நன்றாக வந்ததாக எல்லோரும் சொன்னார்கள். நான் ருசி பார்க்கவில்லை, அவர்கள் சொன்னால் சரிதான்.

ஜனவரி 18, புதன்

இரத்தினேஸ்வரி அக்கா தன் நீலக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். எழுபத்தாறு வயது, மகள் வீட்டில் இருக்கிறார். நல்ல எழுத்து. ஆனால் ஏழு நாளும் மூன்று நேரமும் 'ரீ, விசுக்கோத்து' என்றுதான் இருந்தது.

"இதென்னக்கா, ஆஸ்பத்திரி மெனு மாதிரி?" என்று கேட்டேன்.

"அதுதானே சாப்பிட்டனான். கேட்டதுக்கு எழுதினன்."

நான் பொய் எழுதச் சொல்லவில்லை. நேற்று வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. மருமகனுக்குக் கணவாய்க் கறி, பேரனுக்குக் கோழிப் பொரியல், மகளுக்கு முருங்கையிலை வறை என்று அடுக்கினார். அதையே ஒழுங்காகக் கட்டம் போட்டு எழுதி, பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பக்கத்திலிருந்த சறோ தன் கொப்பியையும் நீட்டினாள். பிறகு வரிசையாக நின்றார்கள், முன்பு பரீட்சைக்கு முதல்நாள் நிற்பார்களே அதுபோல. எவர் சாப்பாட்டில் மரக்கறி குறைந்ததோ அவருக்குக் கீரை சேர்த்தேன். பழம் இல்லாதவர்களுக்குப் பப்பாசி கொடுத்தேன். பதினான்கு பேரையும் ஒரே மத்தியானத்தில் ஆரோக்கியமாக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒருவித சந்தோசமாக இருந்தது. என்னைக் கேட்டு யாரும் எதுவும் எழுதி நெடுநாளாகிறது.

ஜனவரி 24, செவ்வாய்

மருமகள் துஷ்யந்தியைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை. காலை ஏழு மணிக்குக் காரில் ஏறும்போதே சொக்கலேற் கட்டிபோல ஏதோ ஒன்றைக் கடித்துக்கொண்டு போகிறாள். பின்னேரம் வந்தால் பிள்ளைகளுக்கு ஊட்டுவாள், வீட்டுப்பாடம் பார்ப்பாள், குளிக்க வார்ப்பாள். என்னோடு சாப்பிட இருந்து நான் கண்டதில்லை. வேலையிடத்தில் நன்றாகச் சாப்பிட்டு வருகிறாள்போல. ஒழுங்காகச் சாப்பிடத் தெரியாத தலைமுறை. ஆறு வயதில் இங்கே வந்தவளுக்கு யார் படிப்பித்திருப்பார்கள்?

ஜனவரி 25, புதன்

குளிர் மைனஸ் இருபத்திரண்டு. பஸ் இருபது நிமிடம் பிந்தியது. வீட்டில் இருக்கச் சொல்லி சேந்தன் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தான். சாப்பாட்டுக்காகப் போகவில்லை, மற்றவர்களின் கொப்பி திருத்த வேண்டியிருக்கிறது என்றேன். கடலைக் கறி பரவாயில்லை. இரண்டு தரம்.

பெப்ரவரி 3, வெள்ளி

டொக்டரிடம் போனேன். இரத்தத்தில் சீனி கூடிவிட்டதாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நீலக் கொப்பி கைப்பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, இதைப்போல ஒழுங்காகச் சாப்பிடுகிற நோயாளி தனக்கு வேறு இல்லை என்றார். பெருமையாகத்தான் இருந்தது. உணவில் பிழை இல்லை, ஆகவே நான் போடும் சீனி மாத்திரைதான் காணாது என்று சொல்லி அதை இரண்டு மடங்காக்கிவிட்டார்.

பெப்ரவரி 9, வியாழன்

காலை பத்தரைக்குக் கை நடுங்கியது. வியர்த்தது. படியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். வீட்டில் ஒருவரும் இல்லை. கவினின் விளையாட்டுச் சாமான் பெட்டியில் ஒளித்துவைத்திருந்த இனிப்பு மூன்றை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் கண் தெளிந்தது. பின்னேரம் அவன் தேடி அழுதான். எலி தின்றிருக்கும் என்றேன்.

பயமாக இருந்தது. சேந்தனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

பெப்ரவரி 18, சனி

சிவராத்திரி விரதம். இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. நல்ல கொப்பியிலும் அப்படியே எழுதினேன். இரண்டு கொப்பியும் ஒத்துப்போன முதல் நாள்.

பெப்ரவரி 22, புதன்

மிதுலா கொப்பிகளை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வெட்டு, ஒரு கிறுக்கல் கிடையாது. "அன்ரி, நீங்கள் எல்லாரும் இவ்வளவு நீற்றா எழுதுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடக்கமாக இருந்தேன்.

மார்ச் 15, புதன்

கை ஓடவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மிதுலா இன்று திரை கட்டிப் படம் காட்டினாள். நகரத்தில் ஒன்பது இடங்களில் பெண்களிடம் எழுதி வாங்கினார்களாம். மற்றவர்கள் கனடா வந்து பத்து வருடத்துக்குள் பொரித்ததற்கும் பெட்டியில் அடைத்ததற்கும் மாறிவிட்டார்கள். எங்கள் குழு மட்டும் ஒன்பதிலும் முதலாவது. நாளுக்கு மூன்று வேளை, மரக்கறி ஐந்து பங்கு, அத்தனையும் குடும்பத்தோடு இருந்து. கீரை என்ற சொல்லை மூன்று தரம் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு நிலையத்தின் பொறுப்பாளர் எழும்பினார். பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுஷி, பேசும்போது கைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார். எங்களைப் பார்க்கத் தனக்குப் பெருமையாக இருக்கிறதாம். இவ்வளவு நன்றாகச் சாப்பிடும் பெண்களுக்குப் புதன்கிழமைச் சாப்பாடு தேவையில்லை என்று தெரிந்ததால், ஏப்ரல் முதல் அதை வேறு ஒரு பகுதிக்கு மாற்றுகிறார்களாம், தேவை உள்ளவர்களுக்கு. எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ்.

ரோசா பருப்புச் சட்டியோடு வந்தாள். இரத்தினேஸ்வரி அக்கா தட்டைக் கையால் மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. இரண்டு தரம் வாங்கினேன், மூன்றாம் தரமும் வாங்கினேன்.

மார்ச் 16, வியாழன்

சேந்தன் சான்றிதழைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டான். அதன் கீழே நின்றுதான் இன்று கவினின் மிச்ச நூடில்ஸைச் சாப்பிட்டேன்.

மார்ச் 18, சனி

உப்பில்லாத சோறு. தண்ணீர்ப் பருப்பு. போனால் போகட்டும்.

மார்ச் 19, ஞாயிறு

போகட்டும் என்று எழுதியது பொய். ரஃப் கொப்பியிலும் பொய் எழுதத் தொடங்கினால் பிறகு எங்கே எழுதுவது?

மார்ச் 20, திங்கள்

இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போனேன். மிதுலாவின் அறை அலுமாரி அளவுதான். கதிரையிலிருந்த புத்தகக் கட்டை எடுத்துவிட்டு இருக்கச் சொன்னாள். கோட்டைக் கழற்றாமலே சொல்லிவிட்டேன்.

"பிள்ளை, அந்தப் பதின்னாலு கொப்பியும் பிழை. நாங்கள் எழுதினது சமைச்சது. சாப்பிட்டது இல்லை."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. சமைத்தால் சாப்பிடுவதுதானே என்பதுபோலப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள், என்ன நினைத்தாளோ, திரும்ப வைத்துவிட்டாள்.

"அப்ப என்ன சாப்பிட்டனீங்கள் அன்ரி?"

எத்தனை வருடம் நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று பிள்ளைகளைக் கேள்வி கேட்டேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. பாண் ஓரம், சட்டி அடி, திரும்பிவந்த சான்ட்விச், எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடி என்றும் சொன்னேன். மகனும் மருமகளும் நல்ல பிள்ளைகள், ஒருவரும் என்னைச் சாப்பிட வேண்டாம் என்று சொன்னதில்லை, எனக்கு இருந்து சாப்பிட வராது, பழகவில்லை என்றும் சொன்னேன். எல்லோருடைய கொப்பியிலும் கீரையைச் சேர்த்தது நான்தான் என்றபோது அவள் கொஞ்சம் சிரித்தாள். மாத்திரை கூடியதையும் படியில் இருந்ததையும் சொன்னபோது சிரிக்கவில்லை. நாளைக்கே டொக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள்.

புதன்கிழமை ஏன் வேண்டும் என்று கேட்டாள். சாப்பாடு நல்லதோ என்றாள். இல்லை, சாப்பாடு சரியில்லை என்றேன். அங்கே நான் இருப்பேன், இன்னொருத்தி போட்டுத் தருவாள், கிழமைக்கு ஒரு நாள் அது எனக்கு வேண்டும் என்றேன். அதைப்பற்றி வெட்கப்படவில்லை.

மார்ச் 22, புதன்

நேற்று டொக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையைக் குறைப்பித்த மிதுலா, இன்று புதுக் கொப்பிகளோடு வந்தாள். ஒரு கிழமைக்குத் திரும்ப எழுத வேண்டும், இம்முறை உள்ளது உள்ளபடி என்றாள். நான் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று அதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. சறோ என் முகத்துக்கு நேரே சொன்னாள், இனி எல்லோரும் எங்கள் பிள்ளைகளைத்தான் குறை சொல்லுவார்கள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று. அவள் சொன்னதில் பிழை இல்லை.

இரத்தினேஸ்வரி அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"நேற்றும் ரீயும் விசுக்கோத்தும்தான். நான் முதலே அப்பிடித்தான் எழுதினனான். இந்த நகுலாதான் கிழிச்சவ."

சொல்லிவிட்டுக் கொப்பியை இழுத்து எழுதத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சறோவும்தான். ஒருவரும் என்னிடம் திருத்தத் தரவில்லை.

மார்ச் 29, புதன்

கொப்பிகள் வந்துவிட்டன. இம்முறை ஆளுக்கு ஆள் போட்டி. சறோ ஒரு நாள் முழுவதற்கும் அரை வாழைப்பழம் என்று எழுதியிருக்கிறாள். ஆள் எண்பத்தைந்து கிலோ. இன்னொருத்தி மூன்று நாள் பச்சைத் தண்ணீராம். இன்னொருத்தி மருமகள் சாப்பாடு தருவதில்லை என்று பெயரைப் போட்டே எழுதியிருக்கிறாள், அந்தப் பெண் அவளோடு இருப்பதே இல்லை, இருப்பது எட்மன்டனில். மிதுலா தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆனால் நல்லதாக முடிந்தது. முதல் கொப்பியும் நம்ப முடியாது, இரண்டாவதும் நம்ப முடியாது என்று மிதுலா அங்கேயே பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டாள். இந்தக் குழுவின் உணவுப் பழக்கம் இன்னும் விளங்கவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்று முடிவெடுத்தார்களாம். அதுவரை புதன்கிழமைச் சாப்பாடு நடக்கும். செப்டெம்பர் வரைக்கும் நிச்சயம். உண்மையைச் சொன்னதால் அல்ல, ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாததால் பிழைத்தோம்.

ஒரு நிபந்தனை உண்டு. வீட்டிலுள்ள மகளோ மருமகளோ அவர்களும் ஒரு கிழமை எழுதித் தர வேண்டும். துஷ்யந்திக்கு ஒரு நீலக் கொப்பி வாங்கிவந்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 8, சனி

சேந்தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் நீச்சலுக்குக் கூட்டிப்போய்விட்டான். காலையிலேயே விளைமீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டேன். மூன்று மணிபோல துஷ்யந்தி குசினிக்கு வந்து, எழுதி முடித்துவிட்டேன் மாமி, ஒருக்கால் பார்த்துத் தாங்கோ என்று கொப்பியை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஓட்ஸ், பழம். சாலட், கோழி. பின்னேரம் பாதாம் பருப்பு பத்து. இரவு சோறு, மரக்கறி, குடும்பத்தோடு, இருந்து. ஏழு நாளும் ஒரு பிழை இல்லை. என்னிடம் படித்திருந்தால் முதற்பரிசு கொடுத்திருப்பேன். நான் ஒருநாளும் எதுவும் படிப்பிக்காத பிள்ளை, இதை எங்கே படித்தாள்?

"இதிலை நீ சாப்பிட்டது எது?" என்று கேட்டேன்.

அவள் துணியை எடுத்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"வேலையிடத்திலை பிள்ளையள் விட்ட அப்பிள் துண்டுகள், மாமி. பிஸ்கட். பிறகு காரிலை அந்தச் சொக்கலேற் பார்."

"இரவு?"

"நீங்கள் சாப்பிட்டிட்டுப் போனாப் பிறகு சட்டியிலை ஏதும் இருந்தா."

சட்டியில் நான் எதையும் விடுவதில்லை. அடிச்சோறுவரை வழித்துவிடுகிறவள் நான். எத்தனை வருடமாக அவள் எனக்குப் பிறகு வந்து மூடியைத் திறந்து பார்த்திருப்பாள்? அவளை ஒழுங்காகச் சாப்பிடத் தெரியாதவள் என்று இந்தக் கொப்பியில் எழுதிய கையும் இதுதான்.

எழும்பி இரண்டு தட்டு எடுத்தேன். அவள் தானே போடுவதாக வந்தாள். தோளைப் பிடித்து இருத்தினேன். மீனில் நல்ல நடுத்துண்டு இரண்டுதான் இருந்தன; ஒன்று எப்போதும் சேந்தனுக்கு, மற்றது பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுக்க. ஒன்றை அவளுக்கு வைத்தேன், மற்றதை எனக்கு வைத்தேன். இருவரும் இருந்து சாப்பிட்டோம். நான் இடையில் இரண்டு தரம் எழும்பப் பார்த்தேன். அவள் என்னை விடவில்லை. என் குழம்பில் புளி கூடிவிட்டது. இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லை.

ஏழு மணிக்குச் சேந்தன் சாப்பிட வந்தான். பிள்ளைகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்திருந்தேன். சட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, நடுத்துண்டு இல்லையோ அம்மா என்று கேட்டான். நாங்கள் சாப்பிட்டுவிட்டோம் என்றேன். துஷ்யந்தி சுவரைப் பார்த்தாள். அவன் வால் துண்டைப் போட்டுக்கொண்டு இருந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இதில் சதையே இல்லை, முழுக்க முள்ளுத்தான் என்றான்.

தெரியும் என்றேன். கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருடமாக அதைத்தான் சாப்பிடுகிறேன்.